ஐஸ்லாந்துல ஸ்மால் குரூப் டூர் உங்களுக்கு ஒத்துவருமா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது எல்லாம்

ஐஸ்லாந்து போலாம்னு முடிவு பண்ணி டிக்கெட் விலை பாக்க ஆரம்பிச்சதுமே அடுத்த குழப்பம் இதுதான், கார் வாடகைக்கு எடுத்து நாமளே ஓட்டலாமா இல்ல பத்து பதினஞ்சு பேர் போற மினிபஸ் டூர்ல ஏறிக்கலாமா. நான் ரெண்டும் பண்ணிருக்கேன். முதல் தடவ ஒரு பிப்ரவரில தனியா போய் தெற்குக் கரைக்கு மூணு நாள் ஸ்மால் குரூப் டூர், ரெண்டாவது தடவ ஜூலைல நாலு பேரா கார் எடுத்து தீவையே சுத்தினோம். ரெண்டுலயும் சந்தோஷமும் உண்டு எரிச்சலும் உண்டு. ஆனா முதல் டூர்ல ரெண்டாவது நாள் சாயங்காலம்தான் எனக்கு ஒரு விஷயம் புரிஞ்சுது, ஸ்டியரிங்கை மட்டும் வேற ஒருத்தர்கிட்ட குடுக்குறோம்னு நெனச்சு புக் பண்றோம், கைல இருக்குற வாட்சையும் சேத்துக் கழட்டிக் குடுத்துடுறோம். எங்க எவ்வளவு நேரம் நிக்கணும்னு சொல்ற அந்த வாட்ச் போனா பரவால்லையா உங்களுக்கு? அதைக் கண்டுபிடிக்கத்தான் கீழ இருக்குற ஸ்டெப் எல்லாம்.

ஸ்டெப் 1: எந்த மாசம்னு முதல்ல முடிவு பண்ணுங்க

பாதி முடிவு இங்கயே ஆயிடும்.

டிசம்பர் கடைசில தலைநகர் ரெய்க்யவிக்ல சூரியன் காலைல பதினொன்னேகாலுக்கு மேலதான் எட்டிப் பாக்கும், மூணரைக்குக் கிளம்பிடும். மொத்தமா நாலு மணி நேர வெளிச்சம். ஜூன் கடைசில 21 மணி நேரம் சூரியன் மேலயே இருக்கும், மிச்ச நேரமும் சரியா இருட்டாது, கண்ணைக் கட்டிக்கிட்டுதான் தூங்கணும்.

நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் போறீங்க, பனில வண்டி ஓட்டிப் பழக்கம் இல்லன்னா யோசிக்கவே வேணாம், டூர்ல போங்க. நம்ம ஊர்ல பஸ் லாரிக்கு நடுவுல ஓட்டின தைரியம் அங்க செல்லாது. ரோட்டு மேல கண்ணுக்கே தெரியாத ஐஸ் படலம் இருக்கும், பக்கவாட்டுல இருந்து அடிக்கிற காத்து வண்டியையே நகத்தும், அதுவும் அங்க ஓட்டுறது வலது பக்கம். வானிலைத் துறை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு எச்சரிக்கை குடுப்பாங்க, நிலைமை மோசமானா ரோட்டையே மூடிடுவாங்க. நான் போன டூர்ல விக் ஊரை நெருங்கும்போது ஆரஞ்சு எச்சரிக்கை வந்துச்சு, எங்க டிரைவர் போன்ல மேப்பைப் பாத்தார், யார்கிட்டயும் அபிப்பிராயம் கேக்கல, ரெண்டு இடத்தை வெட்டிட்டு நேரா தங்குற இடத்துக்குக் கொண்டுபோய் விட்டுட்டார். பஸ்ல ரெண்டு பேருக்கு செம கோவம். ராத்திரி அந்த ரோட்டை மூடிட்டாங்கன்னு காலைல தெரிஞ்சதும் அவங்களே போய் அவருக்கு காபி வாங்கிக் குடுத்தாங்க. அந்த முடிவை நான் தனியா எடுத்திருப்பேனான்னு கேட்டா சத்தியமா எடுத்திருக்க மாட்டேன், இன்னும் இருபது கிலோமீட்டர்தானேன்னு ஓட்டிக்கிட்டே போயிருப்பேன்.

ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் கதையே வேற. மெயின் ரோடு நல்லா இருக்கும், வெளிச்சம் தீராது, ராத்திரி பத்து மணிக்கு அருவிக்குப் போனா கூட்டமே இருக்காது. இந்த மாசங்கள்ல டூர்ல போய் வாட்சைக் குடுக்குறது பெரிய நஷ்டம், ஏன்னா அந்த நேரத்துல ஐஸ்லாந்துல உங்களுக்குக் கிடைக்குற பெரிய சொத்தே நேரம்தான். ஒரே ஒரு விதிவிலக்கு, நடுத்தீவு மலைப்பகுதி. அங்க போற ரோட்டு நம்பருக்கு முன்னாடி எஃப்னு ஒரு எழுத்து இருக்கும், ஃபோர் வீல் டிரைவ் வண்டி இல்லாம போகக் கூடாது, அந்த ரோடு எல்லாம் பனி உருகின பிறகு ஜூன்லயோ ஜூலைலயோதான் திறக்கும், பல இடத்துல பாலம் கிடையாது, ஆத்துக்குள்ள இறங்கித்தான் போகணும். வாடகைக் கார் இன்சூரன்ஸ் பெரும்பாலும் தண்ணிக்குள்ள நடக்குற சேதத்துக்குப் பணம் தராது. அந்த மலைப்பகுதில இருக்குற லாண்ட்மன்னலோய்கர் பாக்கணும்னா அந்த ஒரு நாளைக்கு மட்டும் பெரிய டயர் வண்டி டூர் எடுத்துக்கலாம், தப்பே இல்ல.

மாசத்தோட சேத்து ஆசையையும் சரிபாருங்க. நார்தர்ன் லைட்ஸ் வேணும்னா செப்டம்பர்ல இருந்து ஏப்ரல் பாதி வரைக்கும், ஜூன் ஜூலைல வானம் இருட்டாகாது அதனால தெரியாது. பஃபின் பறவை வேணும்னா மே மாசத்துல இருந்து ஆகஸ்ட் பாதிக்குள்ள. நீலமா மின்னுற பனிக்குகை நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும். மூணும் ஒரே டூர்ல காட்டுறோம்னு யாராவது சொன்னா அந்தப் பக்கத்தை மூடிட்டு அடுத்ததைப் பாருங்க.

ஸ்டெப் 2: மேப்பை வச்சு கணக்கு போடுங்க

ஐஸ்லாந்து சின்னத் தீவுன்னு ஒரு நெனப்பு எல்லாருக்கும் இருக்கு. பரப்பளவு 1,03,000 சதுர கிலோமீட்டர், நம்ம தமிழ்நாட்டுல முக்கால்வாசிக்கு மேல, ஆனா மொத்த ஜனத்தொகை நாலு லட்சத்துக்குள்ள. தீவைச் சுத்திப் போற ரிங் ரோடு 1,300 கிலோமீட்டருக்கு மேல, அதிகபட்ச வேகம் தார் ரோட்டுல 90, மண் ரோட்டுல 80, ஊருக்குள்ள 50.

டூர் விளம்பரத்துல அதிகமா விக்கிறது ஒரு ஐட்டம் இருக்கு, ரெய்க்யவிக்ல இருந்து யோகுல்சார்லோன் பனி ஏரிக்கு ஒரே நாள்ல போயிட்டு வர்றது. ஒரு வழி கிட்டத்தட்ட 375 கிலோமீட்டர், போக வர 750. எங்கயும் நிக்காம 90லயே போனாக்கூட எட்டு மணி நேரத்துக்கு மேல வண்டிக்குள்ளயே இருக்கணும், நடுவுல செல்யலாண்ட்ஸ்ஃபாஸ் அருவி, ஸ்கோகாஃபாஸ் அருவி, ரெய்னிஸ்ஃபியாரா கறுப்பு மணல் கரைன்னு நிறுத்துவாங்க, சாப்பாடு, பாத்ரூம் எல்லாம் சேத்து 14 மணி நேரம் ஆயிடும். இதை டிசம்பர்ல பண்ணா என்ன ஆகும்னு மேல சொன்ன நாலு மணி நேர வெளிச்சத்தோட சேத்துப் பாருங்க. காசு குடுத்து இருட்டுல ஜன்னல்ல உங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டு வரணும். குளிர்காலத்துல அந்த ஏரி வேணும்னா நடுவுல ஒரு ராத்திரி தங்குற ரெண்டு நாள் டூர்தான் சரி, இதுல மட்டும் சிக்கனம் பாக்காதீங்க.

அதே மாதிரி "8 நாள் ரிங் ரோடு" டூர்ல மொத்த நாளை எண்ணாதீங்க, முழுசா சுத்தக் கிடைக்குற நாளை எண்ணுங்க. முதல் நாள் கெஃப்லாவிக் ஏர்போர்ட்ல இறங்கி 50 கிலோமீட்டர் தள்ளி ஊருக்குப் போறது, கடைசி நாள் திரும்ப ஏர்போர்ட். மிச்சம் ஆறு நாள். ரிங் ரோடு மட்டுமே ஒரு நாளைக்கு 220 கிலோமீட்டர் வருது, கோல்டன் சர்க்கிள் (திங்வெட்லிர், கெய்சிர், குட்ல்ஃபாஸ் மூணும் சேந்த சுத்து), மிவாட்ன் ஏரி, தெட்டிஃபாஸ் அருவின்னு உள்ள போற கிளை ரோடெல்லாம் சேத்தா 300ஐத் தொடும். இதே ரூட்டை 6 நாள்ல விக்கிறாங்கன்னா எதையோ ஜன்னல் வழியா காட்டப் போறாங்கன்னு அர்த்தம்.

ஸ்டெப் 3: எந்த இடத்துல வாட்ச் உங்களைக் கடிக்கும்னு தெரிஞ்சுக்கோங்க

டூர்ல நேரம் பத்தலன்னு பொதுவா எல்லாரும் சொல்றாங்க, ஆனா எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது. கெய்சிர் பகுதில ஸ்ட்ரோக்கூர்னு ஒரு வெந்நீர் ஊத்து அஞ்சு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ பீச்சி அடிக்கும், முக்கால் மணி நேரம் நின்னா நாலஞ்சு தடவ பாத்துடலாம், அதுக்கு மேல நின்னா கந்தக வாடைதான். குட்ல்ஃபாஸ் அருவியும் அப்படித்தான், அரை மணி நேரம், அதுக்குள்ள குளிர்ல காது விறைச்சுடும், நாமளே பஸ்ஸைத் தேடுவோம். இங்கெல்லாம் டூர் குடுக்குற நேரம் தாராளம்.

திங்வெட்லிர் வேற மாதிரி. கி.பி. 930ல அல்திங்கிங்கற பாராளுமன்றம் திறந்தவெளியில கூடின இடம், 2004ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க, வட அமெரிக்கத் தட்டும் யூரேசியத் தட்டும் விலகுற பிளவுக்குள்ள நடந்து போகலாம். அரை மணி நேரத்துல அது வெறும் பாறையும் புல்லும்தான், ரெண்டு மணி நேரம் நடந்தாதான் என்ன இடம்னே புரியும். யோகுல்சார்லோனும் அதே, பனிக்கட்டி நகர்றதையும் உடையுறதையும் பாக்கப் பொறுமை வேணும், எதிர்ல பனிக்கட்டி கரையொதுங்குற டைமண்ட் பீச் வேற இருக்கு, எங்களுக்கு ரெண்டுக்கும் சேத்து ஒன்னேகால் மணி நேரம் குடுத்தாங்க. அதுலயும் கால் மணி நேரம் ஒரே ஒரு ஆள் லேட்டா வந்ததுல போச்சு, முந்தின மூணு ஸ்டாப்லயும் லேட்டா வந்த அதே புண்ணியவான்.

ரெய்னிஸ்ஃபியாரால கூட ஒரு ஆள் இருக்குறது நல்லதுன்னே சொல்லுவேன். அந்தக் கடல் அமைதியா இருக்குற மாதிரி இருந்து திடீர்னு ஒரு அலை ரொம்ப தூரம் மேல ஏறி வந்து ஆளை இழுத்துட்டுப் போயிடும், பல பேர் செத்திருக்காங்க, எச்சரிக்கை விளக்கே வச்சிருக்காங்க. நம்ம ஆளுங்க கடலைப் பாத்தா கால் நனைக்காம வர மாட்டோம், அந்த ஆசையை மெரினாவுல வச்சுக்கோங்க.

நீங்க பாக்கணும்னு துடிக்கிற மூணு இடத்தை எழுதுங்க. மூணுமே அரை மணி நேர ரகம்னா டூர் ஓகே. ரெண்டு இடம் மணிக்கணக்கா உக்காரணும்ங்கற ரகம்னா, இல்ல நீங்க ட்ரைபாட் தூக்குற ஆள்னா, கார்தான். போட்டோகிராஃபிக்குன்னே தனியா டூர் இருக்கு, அது வேற விலை.

ஸ்டெப் 4: உங்களையும் கூட வர்றவங்களையும் நேர்மையா எடை போடுங்க

அறிமுகம் இல்லாத பன்னெண்டு பேரோட மூணு வேளை சாப்பிட முடியுமா? காலைல எட்டு மணிக்கு பெட்டியோட கீழ நிக்க முடியுமா, அதுவும் தினமும் வேற வேற ஹோட்டல்ல? மினிபஸ் கடைசி சீட்ல உக்காந்தா வாந்தி வருமா? பாத்ரூம் ஒன்றரை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவதான் கிடைக்கும், நடுவுல மரம்னு சொல்றதுக்குக்கூட ஒன்னும் இல்லாத லாவா வெளி, அதை யோசிச்சீங்களா?

தனியாப் போறவங்களுக்கு ஸ்மால் குரூப் அருமை, நான் இதை ரொம்ப உறுதியாச் சொல்றேன், ஆறு மணி நேரம் தனியா ஓட்டிட்டு ஒரு பண்ணைவீட்டு ரூம்ல தனியா நூடுல்ஸ் சாப்பிடுறது ரெண்டாவது ராத்திரியே கசந்துடும். கணவன் மனைவி ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் ஓட்டுவாங்கன்னாலும் டூரை யோசிக்கலாம், ஏன்னா ஓட்டுறவங்க ரோட்டைப் பாத்தே ஊர் திரும்பிடுவாங்க.

அம்மா அப்பாவை கூட்டிட்டுப் போறவங்க டூர்ல நடை எவ்வளவுன்னு கேளுங்க. ஸ்கோகாஃபாஸ் உச்சிக்கு 500 படிக்கட்டுக்கு மேல, ஆனா கீழ நின்னு பாக்குறதே 60 மீட்டர் அருவியோட முழு அழகு, முட்டி வலிக்காரங்க ஒன்னும் இழக்க மாட்டாங்க. பிரச்சனை பனி உறைஞ்ச பாதை, பூட்ஸ்ல மாட்டுற இரும்பு முள் கம்பெனி தருமா நாம வாங்கணுமான்னு கேட்டுக்கோங்க. சின்னப் பசங்கன்னா பெரும்பாலான ஸ்மால் குரூப் டூர்லயும் பனிப்பாறை நடைலயும் வயசு வரம்பு இருக்கும், பனிப்பாறை நடை சேந்த டூர்னா அந்த ஒன்னுக்காகவே அந்த வயசு வராத பசங்களைச் சேத்துக்க மாட்டாங்க.

இன்னொன்னு, இதை யாரும் முன்கூட்டி சொல்றதில்ல. ஊர் நீச்சல் குளங்கள்ல எல்லாம் உள்ள இறங்குறதுக்கு முன்னாடி துணியே இல்லாம சோப்பு போட்டுக் குளிக்கணும், ஆண் பெண் தனித்தனி ரூம்தான் ஆனா அந்த ரூம்ல எல்லாரும் ஒன்னாதான். டூர்ல வெந்நீர் குளியல் சேத்திருந்தா தனித் தடுப்பு இருக்கான்னு கேக்குறதுல வெக்கப்பட ஒன்னும் இல்ல. ப்ளூ லகூன்ல தடுப்பு இருக்கு.

ஸ்டெப் 5: சாப்பாடு

இந்தியால இருந்து நாப்பது பேரோட கிளம்புற பெரிய குரூப் டூர்ல சாம்பார் சாதம் கிடைக்கலாம், ஐஸ்லாந்து மினிபஸ் டூர்ல கிடைக்காது. பெரும்பாலும் காலை சாப்பாடு மட்டும் சேத்திருப்பாங்க, மதியம் பெட்ரோல் பங்க்ல நிறுத்துவாங்க, அங்க ஹாட் டாக், பர்கர், ஆட்டுக்கறி சூப். சுத்த சைவம்னா ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ், சீஸ் சாண்ட்விச், இருந்தா ஒரு தக்காளி சூப். கார்ல போனா "போனஸ்", "க்ரோனன்"னு பேர் வச்ச சூப்பர் மார்க்கெட்ல வாங்கி கிச்சன் இருக்குற இடத்துல சமைச்சுக்கலாம், டூர்ல ஹோட்டல் ரூம்ல கெட்டில் இருந்தாலே அதிர்ஷ்டம். நான் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கொண்டுபோயிருந்தேன், ஸ்கிர்னு கெட்டியா தயிர் மாதிரி ஒன்னு எல்லாக் கடையிலயும் இருக்கும், அதை வச்சு மூணு நாளும் ஓட்டினேன். ஆனா சில ஸ்கிர்ல ரென்னெட் (கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்குற பொருள்) சேப்பாங்க, கறாரான சைவம்னா டப்பாவைப் பாத்து வாங்குங்க. குழாய்த் தண்ணி அருமையா இருக்கும், பாட்டில் வாங்கி காசைக் கரைக்காதீங்க, வெந்நீர்க் குழாய்ல மட்டும் கந்தக வாடை வரும்.

ஸ்டெப் 6: பணக் கணக்கு

டூர் விலை தலைக்கு இவ்வளவு, கார் விலை வண்டிக்கு இவ்வளவு. முழு சூட்சுமமும் இதுல இருக்கு. ஒரு ஆளுக்கு டூர்தான் பெரும்பாலும் லாபம் (தனி ரூமுக்கு எக்ஸ்ட்ரா கேப்பாங்க, அதையும் சேத்துப் பாருங்க), ரெண்டு பேருக்கு கிட்டத்தட்ட சமம், நாலு பேர்னா கார் கண்டிப்பா ஜெயிக்கும்.

ஆனா கார் பக்கம் எழுதும்போது வாடகையை மட்டும் எழுதி ஏமாறாதீங்க. ரிங் ரோடும் கிளை ரோடும் சேத்து 2,000 கிலோமீட்டர்னு வச்சுக்கிட்டா நூறுக்கு 7 லிட்டர் குடிக்கிற வண்டிக்கு 140 லிட்டர் பெட்ரோல். பல அருவிகள்ல பார்க்கிங் காசு. அப்புறம் கல் தெறிக்கிறதுக்கு ஒரு இன்சூரன்ஸ், மணல் சாம்பல் காத்துக்கு ஒரு இன்சூரன்ஸ். இத்தனையும் எடுத்தாலும் காத்து கதவைப் பிடுங்குனா பெரும்பாலும் எதுலயும் வராது. எங்க நண்பன் ஒருத்தன் காத்து அடிக்கிற பக்கம் கதவை ஒத்தக் கைல திறந்தான், அவ்வளவுதான், கீல் வளைஞ்சு கதவு மூடல, அந்த பில்லை நாலு பேரும் பங்கு போட்டுக்கிட்டோம். மினிபஸ்ல கதவைத் திறக்குறது டிரைவர் வேலை, இதுவும் ஒரு வசதின்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

ஸ்டெப் 7: புக் பண்றதுக்கு முன்னாடி ஒரு மெயில் போடுங்க

"ஸ்மால் குரூப்"ங்கறதுக்கு ஒரே அளவுகோல்னு ஒன்னும் கிடையாது, ஒருத்தர் 8ங்கறார் ஒருத்தர் 19ங்கறார். அதனால சராசரியா எத்தனை பேர்னு கேக்காதீங்க, அதிகபட்சம் எத்தனை, அந்த வண்டில மொத்தம் எத்தனை சீட்னு கேளுங்க. 16 பேருக்கு 19 சீட்னா மூச்சு விடலாம், 16க்கு 16னா பக்கத்து ஆளோட ஜாக்கெட் உங்க மடிலதான்.

கூடவே இதையும்: ஓட்டுறவரும் கைடும் ஒரே ஆளா (பெரும்பாலும் ஆமா, காதுல மைக் மாட்டிட்டு ஓட்டிக்கிட்டே பேசுவார், நல்ல ஆள் கிடைச்சா அதுவே பாதி டூர்). ஆள் சேரலன்னா ரத்தா, ரத்துன்னா எத்தனை நாளுக்கு முன்னாடி சொல்லுவீங்க. வானிலையால ஒரு இடம் போச்சுன்னா பதிலுக்கு என்ன. பனிக்குகைன்னா எந்தப் பனிப்பாறைல, இது முக்கியம், 2024 ஆகஸ்ட்ல பிரெய்தாமெர்குர் பனிப்பாறைல ஐஸ் இடிஞ்சு விழுந்து ஒரு அமெரிக்கப் பயணி இறந்துட்டார், கோடைல குகைக்குக் கூட்டிட்டுப் போறோம்னு சொன்னா கூடுதலா நாலு கேள்வி கேளுங்க. பெட்டி எத்தனை கிலோ வரைக்கும். சீட் தினமும் மாத்துவாங்களா.

பதில்ல என்ன இருக்குங்கறதை விட எப்படி இருக்குன்னு பாருங்க. ஆறு கேள்விக்கு ஆறு பதில் வந்தா நல்ல கம்பெனி, ஆறு கேள்விக்கு ஒரு புக்கிங் லிங்க் வந்தா விட்டுடுங்க. அங்க டூர் நடத்த சுற்றுலா வாரியத்தோட லைசென்ஸ் வேணும், யார் யார்கிட்ட இருக்குன்னு அவங்க வெப்சைட்லயே லிஸ்ட் இருக்கு. ரூமும் பயணமும் சேத்து விக்கிற பேக்கேஜ்னா, கம்பெனி திவாலானா பயணிக்குப் பணம் திரும்பக் கிடைக்க ஈடு வச்சிருக்கணும்ங்கறதும் சட்டம், அதை மெயில்ல உறுதி பண்ணிக்கோங்க.

டூர் ப்ரோக்ராம்ல வினைச்சொல்லைக் கவனிங்க. "நடப்போம்", "இறங்குவோம்"னு இருந்தா நிஜம். "கடந்து போவோம்", "கண்டு ரசிப்போம்"னு இருந்தா வண்டி நிக்காது. "விருப்பப்பட்டா"ன்னு இருந்தா தனிக் காசு.

ஸ்டெப் 8: இன்னும் குழப்பமா இருந்தா ரெண்டையும் கலந்து பண்ணுங்க

எனக்குப் பிடிச்ச வழி இதுதான். கோடைல போறவங்க கார் எடுத்துக்கிட்டு, மலைப்பகுதிக்கும் பனிப்பாறைக்கும் மட்டும் ஒரு நாள் டூர் சேத்துக்கலாம். குளிர்ல போறவங்க ரெய்க்யவிக்ல ரூம் போட்டு முதல் நாள் கோல்டன் சர்க்கிள் ஒரு நாள் டூர் போய் பாக்கலாம், அதுல மினிபஸ், கூட்டம், பஸ் நேரம் எல்லாம் ஒத்துவந்தா அடுத்து ரெண்டு மூணு நாள் தெற்குக் கரை டூர். ஆனா அந்த ரெண்டாவது டூரை முன்னாடியே பிடிச்சு வைங்க, இலவசமா ரத்து பண்ற வசதி இருக்குறதா பாத்து.

இந்திய பாஸ்போர்ட்னா ஷெங்கன் விசா வேணும், பெரியவங்களுக்கு ஃபீஸ் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மெடிக்கல் இன்சூரன்ஸ், பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம். திரும்பத் தராத டூர் பணத்தை விசா கைக்கு வந்த பிறகு கட்டுங்க, அதுவரைக்கும் ரத்து பண்ணக்கூடிய புக்கிங் காகிதமே போதும்.

கடைசியா ஒரு சின்ன விஷயம், ரெய்க்யவிக் நடு ஊர்ல டூர் வண்டி ஹோட்டல் வாசலுக்கு வராது, நம்பர் போட்ட பஸ் ஸ்டாப்புக்குத்தான் வரும், சொன்ன நேரத்துல இருந்து அரை மணி நேரத்துக்குள்ள எப்ப வேணா வரலாம். நான் கையுறையைப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிட்டு போய் நின்னேன், நீங்க போட்டுக்கிட்டே கீழ இறங்குங்க.